ட்ரை ஃபுட்டைத் தொடாத நாய்: உங்க வீட்ல என்ன நடந்தது?

தாம்பரம் ப்ரவுனி வீடு
எங்க லாப்ரடாருக்கு ரெண்டு வயசு. ட்ரை ஃபுட் (பாக்கெட்டுல வர்ற உலர் தீனி) வெச்சா முகர்ந்து பார்த்துட்டு நகர்ந்துடும், அது உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். போன வாரம் அது செஞ்சதைத்தான் என்னால மறக்க முடியல. பக்கத்துல கிடந்த கால் துடைக்கிற மிதியடியை மூக்கால தள்ளித் தள்ளிக் கிண்ணத்து மேல ஏத்தப் பார்த்துச்சு. ஒரு பக்கம் மூடினதும் சுத்தி வந்து மறுபக்கம் தள்ளுச்சு. மண்ணைத் தள்ளிப் புதைக்கிற மாதிரியே இருந்தது. முடிச்சதும் நேரா மாமனார் பக்கத்துல போய் உட்கார்ந்துடுச்சு. அவர் தட்டுல தயிர் சாதம். டாக்டர்கிட்ட காட்டியாச்சு, உடம்புக்கு ஒண்ணும் இல்லையாம். உங்க வீட்ல எப்படி வழிக்கு வந்துச்சு?

கோவில்பட்டி சிப்பிப்பாறை
அக்கா, வெந்நீர் ஊத்திப் பாருங்க. கை பொறுக்கிற சூடு போதும். ட்ரை ஃபுட்ல ஈரப்பதம் பத்து சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும், ஆறிக் கிடந்தா வாசனையே எழும்பாது. நாய்க்கு மூக்குதான் முதல்ல சாப்பிடும். எங்க கருப்பி மழை நாள்ல அடுப்படியில சுருண்டு படுத்திருந்தா. கோழிக்கால் வேகவெச்ச தண்ணியைச் சூடா ஊத்தினேன், உப்பு, வெங்காயம் எதுவும் சேர்க்காத தண்ணி. ஆவி போனதும் கண்ணைத் திறக்காமலே மூக்கு மட்டும் ஆடுச்சு. அப்புறம் காது நிமிர்ந்துச்சு. எந்திரிச்சு வந்து தட்டை நக்கிட்டுத்தான் போனா. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அந்தத் தண்ணியைக் குறைச்சு இப்ப வெறும் வெந்நீர்தான்.

மதுரைக்காரன்
வெந்நீர், சூப்புன்னு ஊத்தி ஊத்திப் பழக்கினா நாளைக்கு ஈரல் கேக்கும். கிண்ணத்தை வைங்க, இருபது நிமிஷம் பாருங்க, தொடலைன்னா எடுத்துடுங்க. அடுத்த வேளை வரைக்கும் பிஸ்கட் கூடாது, மீன் துண்டு கூடாது, பெரியவங்க தட்டுல இருந்து ஒரு பருக்கை கூடாது. எங்க ராஜபாளையம் முதல் நாள் ராத்திரி கிண்ணத்தை எடுக்கும்போது என் கையையே பார்த்துச்சு, மறுநாள் காலையில நான் கிண்ணத்தைத் தரையில வைக்கிறதுக்கு முன்னாடியே வாயை விட்டுடுச்சு. வீட்ல எல்லாரும் ஒரே பேச்சா இருக்கணும், அவ்வளவுதான். புது பிராண்டு மாத்துறதா இருந்தா மட்டும் ஒரே நாள்ல மாத்தாதீங்க. பழசுல கால் பங்கு புதுசு கலந்து, ஏழு முதல் பத்து நாளுக்குள்ள முழுசா மாத்துங்க, இல்லைன்னா வயித்தால போகும்.

பெரம்பூர்
மதுரை அண்ணா, நீங்க சொல்றது நல்லா இருக்கிற நாய்க்குச் சரி. ஆனா இதைப் படிக்கிற எல்லாரும் அப்படியே செஞ்சுடக் கூடாதுன்னுதான் எழுதுறேன். எங்க நாட்டு நாய் டைகர் நல்லா சாப்பிட்டுட்டு இருந்தவன், திடீர்னு ட்ரை ஃபுட்டை ஒதுக்கினான். "செல்லம் அதிகமாயிடுச்சு, பட்டினி போடு"ன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. என் மனைவி கேக்கல. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தா. ஈறு ரோஜா நிறமா இருக்கணும், வெளுத்துக் கிடந்தது. விரலால அழுத்தி எடுத்தா ரத்தம் திரும்பி வரவே நேரம் ஆச்சு. அந்த ஈறு இப்பவும் என் கண்ணுலயே நிக்குது. வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிச்சோம். உண்ணிக் காய்ச்சல், ரத்தம் உறைய உதவுற தட்டணு ரொம்பக் குறைஞ்சிருந்தது. பிழைச்சுட்டான்.
அதனால சாப்பாட்டை மறுத்தா முதல்ல ஈறைப் பாருங்க. காதுக்குள்ள, விரல் இடுக்குல உண்ணி இருக்கான்னு பாருங்க. தெர்மாமீட்டர்ல 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் நாய்க்கு இயல்பு, அதுக்கு மேலன்னா தாமதிக்காதீங்க. தனக்குப் பிடிச்ச பொருளையும் சேர்த்து மறுத்தா அது பிடிவாதம் இல்ல. குட்டி நாய் சாப்பிடாம வாந்தியும் எடுத்தா பார்வோங்கிற வைரஸ் நோயா இருக்கலாம், ஒரு வேளைகூடக் காத்திருக்கக் கூடாது. நாலு முதல் ஆறு மாசக் குட்டின்னா பால் பல் விழுற சமயம், கடிக்க வலிக்கும், ஊற வெச்சுக் கொடுங்க. வயசான நாய்க்குப் பல்லு, ஈறு எல்லாத்தையும் டாக்டர்கிட்ட காட்டுங்க. பட்டினி வைத்தியம் இதுக்கெல்லாம் அப்புறம்தான்.

மதுரைக்காரன்
தம்பி, டாக்டர்கிட்ட காட்டியாச்சுன்னு அந்தம்மா முதல் பதிவுலயே எழுதியிருக்காங்க. அதைப் படிச்சுட்டுத்தான் நான் சொன்னேன்.

ஓசூர் பீகிள்
நாயைச் சொல்றதுக்கு முன்னாடி மூட்டையை முகர்ந்து பாருங்க. எங்க ஏரியா கடையில பெரிய மூட்டையைப் பிரிச்சு ஒரு கிலோ, ரெண்டு கிலோன்னு பிளாஸ்டிக் கவர்ல கட்டித் தருவாங்க. ஒரு நாள் அந்தக் கவர்ல இருந்து ஒரு கையில கொஞ்சம், புதுசா உடைச்ச சீல் பாக்கெட்டுல இருந்து இன்னொரு கையில கொஞ்சம் எடுத்து நீட்டினேன். எங்க பீகிள் கவர்ல இருந்ததை முகர்ந்து தலையைத் திருப்பிட்டு, மறு கையில இருந்ததை மென்னு சாப்பிட்டா. நானும் முகர்ந்தேன், பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை. மேல பூசியிருக்கிற கொழுப்பு காத்து பட்டுக் கெட்டுப்போகும், நம்ம ஊர் வெயிலுக்கு இன்னும் சீக்கிரம். ஒரு மாசத்துல தீர்ற அளவுக்குச் சின்ன பாக்கெட்டா வாங்கி, பாக்கெட்டோடயே மூடி இறுகின டப்பாவுல வைங்க.

திருச்சி பக்
எங்களுக்குப் பிரச்சினை கிண்ணத்துல. கழுத்துப் பட்டையில தொங்குற பித்தளை வில்லை எவர்சில்வர் கிண்ணத்துல டங்குன்னு இடிக்கும், ஒவ்வொரு வாய்க்கும் திடுக்கிட்டுப் பின்னாடி போவான். அகலமான பீங்கான் தட்டுக்கு மாத்தினோம். சப்பை மூஞ்சிக்குப் பொறுக்கவும் வசதி. சரியாப்போச்சு.

தஞ்சாவூர் ஐயா
எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக நாய் உண்டு. எல்லாம் ரசம் சாதமும் மோர்ச் சோறும் தின்று வளர்ந்தவைதான். விருப்பமில்லாத ஒன்றை எதற்கு வாயில் திணிக்க வேண்டும்?

கோவில்பட்டி சிப்பிப்பாறை
ஐயா, அந்தக் கால நாய் சோறு மட்டும் தின்னு வளரல. வயக்காட்டுல எலியும் நண்டும் பிடிச்சுத் தின்னுச்சு. இப்ப அபார்ட்மெண்ட்ல கட்டிப் போட்ட நாய்க்கு அது எங்க கிடைக்கும்? ரசத்துல பூண்டு, சாம்பார்ல வெங்காயம், ரெண்டுமே நாயோட ரத்த சிவப்பணுவை உடைக்கும். எங்க தெருவுல ஒரு டாபர்மேன் குட்டியை வெறும் சோறும் கறியும் போட்டே வளர்த்தாங்க. முன்னங்கால் ரெண்டும் வெளிப்பக்கமா வளைஞ்சு, படி ஏறும்போது மார்பு படியில இடிக்கும். கறியில பாஸ்பரஸ் இருக்கு, சுண்ணாம்புச் சத்து இல்லைன்னு டாக்டர் சொன்னார். இப்ப மருந்தோட, டாக்டர் எழுதிக் கொடுத்த குட்டிகளுக்கான ட்ரை ஃபுட்டையும் ஊற வெச்சுக் கொடுக்கிறாங்க. மேல ஒரு ஸ்பூன் மோர் ஊத்தணும். ஊத்தலைன்னா கிண்ணத்தை முன்னங்காலால கவுத்திடுது.