கட்டி முடித்த கடனட்டையை மூடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்க முன் பழைய கடனட்டைகளை மூடுவது பற்றி யாழ்ப்பாணத்தில் பலர் கேட்கிறார்கள். கனடா, அமெரிக்கா உறவுகள் "மூடாதே" என்பார்கள். அது மொத்தக் கடன் வரம்பில் எவ்வளவு வீதம் பாவிக்கிறோம் என்ற கணக்கை வைத்து. உதாரணமாக இரண்டு அட்டைகள்: வரம்பு 3 இலட்சமும் 2 இலட்சமும், 2 இலட்ச அட்டையில் மட்டும் நிலுவை 90,000. இப்போது 18%. 3 இலட்ச அட்டையை மூடினால் அதே நிலுவை 45% ஆகிவிடும். கடன் ஒரு சதமும் கூடவில்லை, ஆனாலும் கடன் புள்ளி (credit score) இறங்கலாம். மற்ற அட்டைகளில் நிலுவையே இல்லையென்றால் இந்தப் பயம் தேவையில்லை.

உண்மையான சிக்கல் மூடும் விதத்தில்தான். மாதக் கூற்றிலுள்ள (statement) தொகையைக் கட்டிய பிறகும், கட்டிய நாள் வரைக்குமான வட்டி அடுத்த கூற்றில் வரலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் சின்னத் தொகையே தவணை தவறிய கடனாகக் கிறிப்பில் (CRIB, இலங்கையின் கடன் தகவல் பணியகம்) பதியப்படலாம். எனவே முதலில் தானியங்கிக் கொடுப்பனவுகளை நிறுத்தி, துணை அட்டையையும் சேர்த்து இரத்துச் செய்யும்படி எழுத்தில் கேளுங்கோ. நிலுவை இல்லை என்ற கடிதம் கையில் வரும்வரை விடவேண்டாம். அட்டையை வெட்டி எறிவது மூடுவதல்ல, ஆண்டுக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்!

எங்களுக்கு வேண்டிய உதவி: வங்கியில் கடன் பிரிவில் வேலை செய்தவர்கள், மூடிய அட்டை கிறிப் அறிக்கையில் மாற எத்தனை நாள் பிடிக்கிறது? வீட்டுக்கடன் தகுதி பார்க்கும்போது பாவிக்காத வரம்பையும் கடனாகக் கணக்கெடுக்கிறீர்களா?