உள்தோட்டத்துக்கு 30 தானா?

பல்லடத்தான்: நேற்று ஆழியாறு அலைவரிசை எழுதிய ஒரு வரி இன்னும் எரிச்சலைக் கிளப்புகிறது: "தோட்டக்காரர்கள் சேர்ந்து நெட் இழுத்து, நாஷ் பேரத் தீர்வைப் போட்டால் எல்லோருக்கும் சரிபாதி." எங்கே படித்தீர்கள் ஐயா? பேச்சு முறிந்தால் ஆளுக்கு என்ன மிஞ்சும் என்பதில்தான் கணித அறிஞர் ஜான் நாஷ் 1950இல் போட்ட கணக்கே தொடங்குகிறது. ரோட்டோரத் தோட்டக்காரர் தனியாகவே 40 எம்பிபிஎஸ் (Mbps) நெட் வேகம் வாங்கிக்கொள்வார். உள்தோட்டத்துக்குக் கேபிளே வராது, 0. சேர்ந்து பணம் போட்டால் 100. கூடுதலாக வந்த 60ஐப் பாதியாக்கினால் 70க்கு 30. சரிபாதி எங்கே?

ஆழியாறு அலைவரிசை: ரெண்டு பேருக்கும் 0 வைத்துப் போட்டால் 50-50தானுங்க. நெட்வொர்க் வேகத்தைப் பங்கிட கெல்லி 1997இல் சொன்ன விகித நியாயமும் அப்போது அதே விடைதான்.

பல்லடத்தான்: 0 யார் வைத்தது? கையில் 40 இருக்கிறவரிடம் உனக்கு ஒன்றுமில்லை என்றால் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். 70-30.

வெள்ளகோவில் அம்மணி: இருக்கிறவருக்கே 70 போனால் அதற்குப் பேர் கூட்டுறவுங்களா? பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்கால் கடைமடையில் இருக்கிறோம், தலைமடைக்காரர் நியாயம் எங்களுக்குத் தெரியாததா?

பல்லடத்தான்: அம்மணி, வாய்க்காலை விடுங்கள். கேள்வி 70-30 சரியா இல்லையா என்பது மட்டும்தான்.

கொடுமுடி கணக்கு: 1953இல் வந்த ஷாப்லி மதிப்பைப் போட்டுப் பார்க்கலாமே. யார் சேர்ந்ததால் எவ்வளவு கூடியது என்று எல்லா வரிசையிலும் பார்த்துச் சராசரி எடுப்பது. 2012இல் நோபல் வாங்கியவருங்க அவர்.

பல்லடத்தான்: போட்டாயிற்று. ரோட்டோரத்தார் முதலில் வந்தால் 40, பிறகு வந்தால் 100, சராசரி 70. நோபல் வாங்கியவரும் என் பக்கம்தான். நாஷுக்கு 1994லேயே கொடுத்துவிட்டார்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கொடுமுடி கணக்கு: 70-30க்கு ஜெயின் குறியீடு 0.86தான் வருகிறது. 50-50 என்றால் 1.

பல்லடத்தான்: அது சமத்தை அளக்கிற கோல், பேரத்தை அல்ல. போன தடவை அலைக்கற்றை ஏல விவாதத்திலும் இப்படித்தான் குறுக்கே வந்து குழப்பினீர்கள்.

காங்கயம் காளை: எம்பிபிஎஸ்ஸைப் பங்கு போடுவதே தப்பு. காற்றில் இருக்கும் நேரத்தைப் பங்கு போடணும். வைஃபை எல்லாக் கருவிக்கும் ஒரே அளவு வாய்ப்புத் தருகிறது. மெதுவான கருவி தன் முறை வந்தால் சேனலை ரொம்ப நேரம் பிடித்துக்கொள்ளும், வேகமானதும் அதோடு சேர்ந்து படுத்துவிடும். எங்கள் டேங்க் மேல் ஆன்டெனா இருக்கிறது, எதிரே தென்னை. மழையில் ஓலை நனைந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு தவழ ஆரம்பித்துவிடும். அன்றைக்கு நாலு வீட்டிலும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும்.

ஆழியாறு அலைவரிசை: மரத்தை வெட்டிவிடுங்க.

காங்கயம் காளை: தென்னையை வெட்டச் சொல்கிற ஆள் பொள்ளாச்சிப் பக்கமா? நல்லா இருக்கு!

ஆழியாறு அலைவரிசை: நெட்டை மரமாக இருந்தால் மட்டையெல்லாம் ஆன்டெனாவைத் தாண்டி மேலே போயிருக்கும். குட்டை ரகம் வேண்டாம் என்று அப்போதே சொன்னேன், கேட்டீங்களா?

காங்கயம் காளை: காய்ப்புக்கு வந்த மரம் அது. உங்க யோசனையைக் கேட்டா நட்டேன்?

பல்லடத்தான்: தென்னை ஆராய்ச்சியை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள். 70-30க்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வெள்ளகோவில் அம்மணி: உள்தோட்டத்துக்கும் அந்தப் பக்கம் நாங்கள் இருக்கிறோம். நடுவில் ஒரே ரேடியோ சிக்னலை வாங்கி அதே சேனலில் எங்களுக்குக் கடத்தினால் வேகம் பாதியாகிவிடும். அந்த நஷ்டம் யார் பங்கில்? கரண்ட் போனால் உள்தோட்டத்தார் தன் பேட்டரியில் எங்களுக்கு எதற்குக் கடத்துவார்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பல்லடத்தான்: மூன்றாவது ஆளை இழுக்காதீர்கள், இரண்டு பேர் கணக்கே முடியவில்லை.

கொடுமுடி கணக்கு: மூன்று பேர் வந்தால்தான் ஷாப்லிக்கே வேலை. அதுதான் பயப்படுகிறார்.

பல்லடத்தான்: பயமா? எனக்கா? 40, 0, 100. நாலாவது எண் ஒன்று காட்டுங்கள், பேசுகிறேன்.

காங்கயம் காளை: பல்லடத்தாரே, உங்க வீட்டு வைஃபை பாஸ்வேர்டு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருக்கீங்களா?

பல்லடத்தான்: கேள்வி அதுவல்ல.

வெள்ளகோவில் அம்மணி: கொடுக்கலைங்க.