சப்வூஃபரா, பெரிய ஸ்பீக்கரா? கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் வீடு. ஹால் 12க்கு 11 அடி, கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. 2 சேனல் ஆம்ப்ளிஃபையரும் 5 அங்குல வூஃபர் வைத்த புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடியும் இருக்கின்றன. குரல், வயலின் எல்லாம் அருமை. ஆனால் ஊர்த் திருவிழாவில் நெஞ்சில் இறங்கும் பம்பை அடி இதில் வெறும் 'டப்' என்று நின்றுவிடுகிறது. 80களின் பாடல்களில் பேஸ் கிட்டார் கீழே இறங்கும்போது ஆளையே காணோம்.

கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கர் வாங்கினால் மேல் ஒலி, கீழ் ஒலி எல்லாம் ஒரே குணத்தில் வரும் என்கிறார் நண்பர். ஆனால் அதைச் சுவரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும், எங்கள் ஹாலில் நடக்கவே இடம் இருக்காது. சப்வூஃபர் (பேஸ் எனும் ஆழமான தாழ் ஒலியை மட்டும் தரும் தனி ஸ்பீக்கர்) என்றால் பேஸ் நன்றாகக் கேட்கும் மூலையைத் தேடி நகர்த்திப் பார்க்கலாம். 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் வாக்கில் அறையே அதிரும், அதனால் இந்த வசதி பெரிது என்று எனக்குப் படுகிறது.

இரண்டு சந்தேகம். என் ஆம்ப்ளிஃபையரில் சப் அவுட் (சப்வூஃபருக்கு ஒலியை அனுப்பும் இணைப்பு) உண்டு, ஆனால் சின்ன ஸ்பீக்கருக்குப் போகும் பேஸை அது வெட்டாது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபருக்கு, மேலே ஸ்பீக்கருக்கு என்று பிரிக்காமல் வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதுமா? அப்புறம், பக்கத்து வீட்டோடு ஒரே சுவர், அங்கே கைக்குழந்தை இருக்கிறது. சீல்டு பெட்டி (காற்றுத் துளை இல்லாமல் முழுக்க மூடிய) சப்வூஃபர் எடுத்தால் தொந்தரவு குறையுமா?

சின்ன ஹாலில் இரண்டையும் வைத்துக் கேட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஓசூர், பெங்களூரு பக்கம் வாங்குவதற்கு முன் கேட்டுப் பார்க்க விடும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வந்துவிடுகிறேன்.