மாலை நேர வகுப்பும் பள்ளியும் கைகோப்பது எப்படி?

கேள்வி
வணக்கம். நூலகக் கூடம் ஒன்றில், பள்ளி விட்ட பிறகு ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். நூலகம் இடம் தருகிறது. தலைமையாசிரியர் அனுமதி தந்திருக்கிறார். தொடக்கத்தில் 30 பேர் வந்தார்கள். இரண்டே மாதத்தில் அது 12 ஆகிவிட்டது. நின்றுவிட்டவர்களில் பெரும்பாலோர், யாருக்காக இதைத் தொடங்கினோமோ அந்தப் பிள்ளைகள்தான் என்பது மனத்தை உறுத்துகிறது. வருகிறவர்களும் வீட்டுப்பாடத்தை முடித்துக்கொண்டு போகிறார்களே தவிர, தேர்வில் முன்னேற்றம் தெரியவில்லை. பள்ளியிடம் இன்னும் என்ன கேட்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்)
ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் மாலை வகுப்பில் 52இலிருந்து 38ஐக் கழித்து 26 என்று எழுதினான். எட்டில் இரண்டு போக ஆறு, ஐந்தில் மூன்று போக இரண்டு. எந்த இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பதே அவனுக்குத் தெரிந்த விதி. அவனுடைய வீட்டுப்பாடமோ இயற்கணிதம். சொல்லிக் கொடுத்தவர் அன்றாடம் விடைகளைத் திருத்திக்கொண்டே இருந்தார். அடியில் இருந்த பிழை அப்படியே இருந்தது. இது அவனுடைய வகுப்பாசிரியருக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரியும், ஆனால் மாலை வகுப்பில் இருப்பவரிடம் சொல்ல வழியில்லை. தெரிந்தவர் ஒருவர், நேரம் உள்ளவர் வேறொருவர். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை வைத்துக் கடன் வாங்கிக் கழிப்பதைக் கற்றுக்கொள்ள அவனுக்குச் சில நாட்களே ஆயின.

ஆகவே, ஒவ்வொரு பிள்ளையும் எங்கே தடுக்கி நிற்கிறது என்பதை இரண்டு வரியில் எழுதித் தரும்படி பள்ளியிடம் கேளுங்கள். வகுப்பைப் பார்க்காமல் தற்போதைய நிலையைப் பார்த்துக் குழு பிரிப்பதைப் பிரதம் என்ற இந்தியக் கல்வித் தொண்டு அமைப்பு பல ஆண்டுகளாகச் செய்து வருகிறது. அதன் பலன் ஆய்வுகளிலும் உறுதியாகியிருக்கிறது.

பதில் 2 (ஒருங்கிணைப்பாளர்)
தனிப்பயிற்சி பெற்ற மாணவர்கள் வழக்கமான வகுப்பினரை விட இரண்டு திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு) முன்னே நின்றதாக 1984இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் எழுதினார். அவ்வளவு பெரிய பலனைப் பொதுவாக எதிர்பார்க்க முடியாது. தனிப்பயிற்சி பற்றிய 96 ஆய்வுகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டு மதிப்பாய்வில் சராசரிப் பலன் 0.37 திட்ட விலக்கம்தான், ஆயினும் கல்வியில் அது சிறிய அளவு அன்று. ஆசிரியர்களும் பயிற்சி பெற்ற உதவியாளர்களும் நடத்தியவை தன்னார்வலர்கள் நடத்தியவற்றை விடவும், பள்ளி நேரத்தில் நடந்தவை பள்ளிக்குப் பின் நடந்தவற்றை விடவும் கூடுதல் பலன் தந்தன என்பதையும் அதே மதிப்பாய்வு காட்டியது. பள்ளிக்குப் பின் நடப்பவற்றில் பலன் குறைவதற்கு வருகைக் குறைவு ஒரு முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன். எனவே, முடிந்தால் பள்ளிக் கட்டடத்திலேயே, கடைசி மணி அடித்தவுடன் நடத்துங்கள். வாரம் மூன்று நாள், ஒருவருக்கு மூன்று நான்கு பிள்ளைகள், மாறாமல் அதே ஆசிரியர் என்று அமைத்துக்கொள்ளுங்கள். வராதவர் பெயர் அன்றைக்கே பள்ளிக்குப் போக வேண்டும். மதிப்பெண்களைப் பகிரப் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதமும், எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையுடன் தனித்திருக்கக் கூடாது என்ற விதியும் பள்ளியுடன் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் கட்டாயம் இடம்பெறட்டும்.

பதில் 3 (ஒரு தாய்)
என் மகளின் பெயரை வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் வாசித்து, மாலை வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவளை அனுப்பவே முடியவில்லை. பெற்றோரைத் தனியே அழைத்துச் சொல்லும்படி பள்ளியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்
அனைவருக்கும் நன்றி. நின்றுவிட்ட 18 பேரின் பட்டியலை இன்று வகுப்பாசிரியரிடம் காட்டினேன். அதில் ஏழு பேர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஓட வேண்டியவர்கள் என்று பார்த்தவுடனே சொல்லிவிட்டார். இரண்டு மாதமாக நாங்கள் அவரிடம் கேட்கவே இல்லை. வரும் திங்கள் முதல் தம்பி தங்கைகளையும் கூட்டி வரலாம் என்று சொல்லிவிட்டோம். கூடத்தின் ஒரு மூலையை அவர்களுக்கென ஒதுக்கியிருக்கிறோம்.