கேமரா போர்டில் இருந்து ஃபிளாஷ் சிப்பைக் கழற்ற ஆள் வேணும், நாகர்கோவில் பக்கம்

வணக்கம் மக்களே. ஸ்மார்ட் சாதனங்கள்ல பாதுகாப்பு ஓட்டை தேடுற ஹேக்கத்தானுக்காக ஒரு வைஃபை கேமராவைப் பிரிச்சு வச்சிருக்கோம் (காசு கொடுத்து வாங்கினதுதான், அடுத்தவங்க வீட்டுது இல்ல). ஃபர்ம்வேரை (ஃபிளாஷ் சிப்புல பதிஞ்சிருக்குற, கேமராவை இயக்குற மென்பொருள்) வெளிய எடுக்க முடியல. வர்ற சனிக்கிழமை போட்டி.

டெல்நெட் (நெட்வொர்க் வழியா சாதனத்துக்குள்ள நுழையுற பழைய வழி), 23-ஆம் போர்ட், திறந்தே கிடக்கு. 2016-ல மிராய்ங்கிற மால்வேர் பரவினதும் இந்த வாசல் வழியாத்தான், கம்பெனி வச்ச பாஸ்வேர்டை யாரும் மாத்தாததால. இதுலயும் அப்படி ஒண்ணு உள்ள பொதிஞ்சிருக்கான்னு பார்க்கணும்.

யூஆர்ட் பின்ல (போர்டுல இருக்குற சீரியல் இணைப்பு) 115200 வேகத்துல பூட் லாக், அதாவது ஆன் ஆகும்போது வர்ற பதிவு, வருது, கர்னல் (இயங்குதளத்தோட மையப்பகுதி) தொடங்கினதும் நின்னுடுது. கர்னலைத் தொடங்கி வைக்கிற யூ-பூட் புரோகிராமை இடையில நிறுத்த முடியல, காத்திருக்குற நேரத்தையே 0 ஆக்கி வச்சிருக்கான். சிஎச்341ஏங்கிற யூஎஸ்பி சிப் ரீடர்ல கிளிப் மாட்டி 8 எம்பி ஃபிளாஷைப் படிச்சா ஒவ்வொரு தடவையும் வேற வேற ஹேஷ், அதாவது படிச்ச டேட்டா ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. வோல்டேஜ் 3.3-தான், மீட்டர் வச்சுப் பார்த்தாச்சு. ஒயரையும் குறைச்சாச்சு. கிளிப்ல இருந்து போற கரண்ட்ல மெயின் சிப்பும் முழிச்சு அதே லைன்ல குறுக்க பேசுதுன்னு சந்தேகம்.

அப்போ கழற்றித்தான் படிக்கணும். வடசேரியில ஒரு மொபைல் கடையில கேட்டோம், "கேமராவா, வேண்டாம் தம்பி"ன்னுட்டாங்க. மாடல் பேரை இங்க போடல. ஓட்டை இருந்தா முதல்ல செர்ட்-இன்னுக்குத்தான் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) சொல்லணும்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஹாட் ஏர் (சூடான காத்தால ஈயத்தை உருக்குற கருவி) வச்சு 8 கால் சிப்பைப் போர்டு கெடாம கழற்றித் திரும்ப ஒட்டத் தெரிஞ்சவங்க யாராவது உண்டா?