பழவேற்காட்டுச் சேற்றில் புழு தோண்டுவதை எப்படி நிறுத்துவது?

ஏரிக்கரையான்:
வணக்கம். பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஊர் எங்களுடையது. தண்ணீர் வத்தும் நேரம் பார்த்து வெளி ஆட்கள் படகில் வந்து சேற்றைத் தோண்டி பாலிகீட்ஸ் என்ற சேற்றுப் புழுவை எடுக்கிறார்கள். பெரும்பாலும் ராத்திரியில், நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு. மண்வெட்டியால் கட்டி கட்டியாகப் புரட்டி, கையால் பிட்டு, சிவப்பாக நெளிவதை அறுந்துவிடாமல் உருவி வாளியில் போடுவார்கள். விடிவதற்குள் தெர்மாகோல் பெட்டிகள் வண்டி ஏறிவிடும். இறால் குஞ்சுப் பொரிப்பகங்களுக்குப் போகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

தோண்டிய குழியை யாரும் மூடுவதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, பறியை, அதாவது பிடித்ததைப் போடும் கூடையை, பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தடவி இறால் பிடிப்பவர்கள். கலங்கல் தண்ணீரில் குழி எங்கே தெரியும்? என் சித்தி ஒன்றில் கால் விட்டு, கணுக்கால் வீங்கி வீட்டில் கிடக்கிறார். புரட்டிப் போட்ட இடத்தில் தடவினால் இறாலும் அகப்படுவதில்லை என்கிறார். எப்படி அகப்படும்? அது மேய வருவதே அந்தப் புழுவுக்கும் சேற்றில் இருக்கும் மற்ற சின்ன உயிர்களுக்கும்தான். உள்ளான் பறவைகளும் அதற்குத்தான் வருகின்றன.

ஓர் அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். "புழுவுக்கெல்லாம் கேஸ் போடுவாங்களா தம்பி" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். ஊர்ப் பையன்கள் படகைப் பிடித்து வைக்கலாம் என்கிறார்கள். தோண்டுகிறவர்களும் கூலிக்கு வருகிறவர்கள்தான், எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. வேறு வழி உண்டா?

கோர்ட்டு வராண்டா:
போடலாம் தம்பி. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதியில் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 29-ஆவது பிரிவின்படி, தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதி இல்லாமல் சரணாலயத்திலிருந்து எந்த உயிரினத்தையும் எடுக்கக் கூடாது, வாழிடத்தையும் கெடுக்கக் கூடாது. சட்டத்தில் உள்ள உயிரினப் பட்டியலான அட்டவணையில் புழு இல்லையே என்பார்கள். அட்டவணை வேட்டைக்கு. 29-க்கு அது வேண்டியதில்லை. அப்புறம், 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் உயிர்ப்புள்ள சேற்றுப் பரப்பு சிஆர்இசட் ஒன்று-ஏ வகையில் வருகிறது. அதைவிடக் கெடுபிடியான வகை அதில் கிடையாது.

தோண்டும் இடம் சரணாலய எல்லைக்குள்தானா என்று முதலில் பாருங்கள். போனில் இருப்பிடத்தோடு பகலில் குழிகளைப் படம் எடுத்து வையுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்காமல் வராதீர்கள்.

ஏரிக்கரையான்:
நன்றி சார். ஆனால் அந்தப் பிரிவைச் சொன்னாலே எங்கள் பெரியவர்கள் பயப்படுவார்கள். இன்றைக்குப் புழு, நாளைக்கு எங்கள் வலை என்று. யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடுவது என்பதைப் பாடு முறையில் தலைமுறையாக ஊரே தீர்மானித்துவருகிறது. அதில் வனத்துறை மூக்கை நுழைக்க நாங்களே கதவு திறந்துவிட்டது போல ஆகிவிடாதா?

பழைய ஹேச்சரி ஆள்:
மரக்காணம் பக்கம் பொரிப்பகத்தில் வேலை பார்த்தவன் நான். வாங்குகிற இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே, அதனால் சொல்கிறேன்.

வனாமி என்ற பண்ணை இறால் வகையின் தாய் இறாலை நோயில்லா இருப்பு என்று வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரவழைக்கிறார்கள். வந்ததும் சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்தி, பரிசோதனை முடிந்த பிறகுதான் பொரிப்பகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே செருப்பைக் கழற்றி, மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும். இவ்வளவு ஆசாரம் பார்த்துவிட்டு, ராத்திரி எந்தச் சேற்றிலிருந்தோ வந்த புழுவை அலசி அதே தொட்டியில் போடுவோம். காரணம் இருக்கிறது. புழுவில் உள்ள அராக்கிடோனிக் அமிலம் முட்டை முதிர உதவுகிறது. கணவாய் மட்டும் போட்டால் முட்டை அந்த அளவுக்கு வராது.

ஆனால் இறாலைக் கொல்லும் வெண்புள்ளி வைரஸைப் புழு சுமக்கும், அந்தப் புழுவைத் தின்ற தாய் இறாலுக்கும் தொற்றும் என்று சென்னையில் உள்ள சிபா என்ற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 2005-லேயே ஆய்வுக் கட்டுரை போட்டுவிட்டார்கள். உறையவைத்த புழு இருக்கிறது, வளர்ப்புப் புழு இருக்கிறது. காசு கூட, அவ்வளவுதான். அந்தக் காசை மிச்சம் பிடிக்கத்தான் உங்கள் சித்தி குழியில் விழுகிறார்.

அதனால் வனத்துறையோடு நிறுத்தாமல், கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துக்கும் ஒரு மனு போடுங்கள். பொரிப்பகங்கள் பதிவு செய்வது அங்கேதான். 'எங்கள் ஏரி நாசமாகிறது' என்பதோடு, 'பரிசோதிக்காத காட்டுப் புழு பொரிப்பகத்துக்குள் போகிறது' என்று எழுதுங்கள். குஞ்சு வாங்கும் பண்ணைக்காரர்களே கேள்வி கேட்பார்கள். ஒரு குளம் நோயில் போனால் அவர்களுக்கு லட்சக்கணக்கில் நட்டம்.

தேம்ஸ் தமிழன்:
பிரிட்டனிலும் இந்தச் சண்டை உண்டு. நார்தம்பர்லாந்து கரையில் பௌல்மர் என்ற ஊர் விவகாரத்தில் 1993-இல் தீர்ப்பு வந்தது. தன் தூண்டிலுக்கு வேண்டிய புழுவைத் தோண்ட மக்களுக்கு உரிமை உண்டு, விற்கத் தோண்ட அந்த உரிமை கிடையாது. உங்கள் பெரியவர்களின் பயத்துக்கும் இப்படி ஒரு கோடு போட்டுப் பேசிப் பாருங்களேன். கைத்தடவலும் பாடும் ஊர்ப் பிழைப்பு, பெட்டி பெட்டியாக வண்டி ஏறுவது வியாபாரம்.

கோர்ட்டு வராண்டா:
நல்ல யோசனை. மனுவிலேயே அதை முதல் பத்தியாக வைத்துவிடுங்கள்: 'வழிவழியாக நடக்கும் மீன்பிடிப்புக்கும் கைத்தடவலுக்கும் எந்த இடையூறும் இல்லாமல்' என்று. அக்டோபர் 2 கிராமசபையில் தீர்மானமாகவே போட்டு நகலை இணைத்தால் இன்னும் கனம். ஆள் பெயர் எதையும் எழுத வேண்டாம். வண்டி எண், தேதி, நேரம் போதும்.

ஏரிக்கரையான்:
ஹேச்சரி அண்ணன் சொன்னது இங்கே யாருக்கும் தோன்றவில்லை. தோண்டுகிற ஆட்களில் ரெண்டு பேர் எனக்குப் பழக்கம். பெட்டியை வாங்குகிறவர் யார் என்று அவர்களுக்கே தெரியாதாம், ஏஜெண்ட் மட்டும்தான் பேசுவாராம். வண்டி நிற்கும் இடம் எனக்குத் தெரியும், எண்ணை எடுத்துவிடுகிறேன். தீர்மானத்தின் வாசகத்தை யாராவது எழுதித் தருவீர்களா? அண்ணா, ஆணையத்து மனுவை ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டுமா, தமிழிலேயே கொடுக்கலாமா?

பழைய ஹேச்சரி ஆள்:
தமிழிலேயே கொடுங்கள், ஆபீஸ் சென்னையில்தானே. வைரஸ் பத்தியை நான் எழுதி இன்றைக்கு ராத்திரி இங்கேயே போடுகிறேன்.