மழைக்கு முன்னால் கேட்க வேண்டிய பணம்: ‘ஆற்றோரத் தெரு சொந்தங்கள்’ குழு, குகை, சேலம், 2025 அக்டோபர்

மளிகைக் கடை மாமா: எல்லோருக்கும் வணக்கம். ஐப்பசி மழை பிடித்துவிட்டது. போன டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் பட்ட மாதிரி திண்டாடக் கூடாது. வீட்டுக்கு 500 ரூபாய் போட்டுத் தெருவுக்கு ஒரு நிதி வைப்போமா? சாப்பாடு, பாய், போர்வை வாங்க உதவும். சம்மதம் என்றால் சொல்லுங்க.

கொலுசுப் பட்டறை அண்ணன்: நான் 1000 தருகிறேன் மாமா.

டீச்சர் அக்கா: நானும் போடுகிறேன்.

ஆர்.ஐ. ஐயா (ஓய்வு பெற்ற வருவாய் ஆய்வாளர்): நானும் தருவேன். ஆனால் சாப்பாட்டுக்கும் போர்வைக்கும் வேண்டாமுங்க. போன முறை மண்டபத்தில் சாப்பாடு மிஞ்சிப்போனது. அன்றைக்கு இல்லாமல் போனது தண்ணீரை இறைக்கப் பம்ப், வயசானவர்களைத் தூக்கி வர ஒரு நல்ல கயிறு, அப்புறம் “தண்ணீர் வருகிறது, எழுந்திருங்க” என்று சொல்ல ஒரு ஆள்.

தறி அண்ணன்: ஐயா சொல்வதுதான் சரி. என் வீட்டில் குழித்தறி, தரைப் பள்ளத்தில் காலை விட்டு மிதித்து நெய்வது. விடியக்காலையில் எழுந்து பார்த்தால் குழி நிறைந்து மிதிபலகை மிதக்கிறது. பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில், போட்டிருந்த கஞ்சி கரைந்துவிட்டது. கஞ்சி போன பாவை மறுபடி ஓட்டினால் இழை இழையாக அறும். முழுப் பாவும் வீண். ஒரு மணி நேரம் முன்னால் தெரிந்திருந்தால் சுருட்டி உத்தரத்தில் கட்டியிருப்பேன்.

டீச்சர் அக்கா: நிவாரணம் கிடைத்ததா அண்ணா?

தறி அண்ணன்: அதை விடும்மா.

ஆர்.ஐ. ஐயா: விதியில் இடம் இருக்கிறது. கைத்தொழிலாளிக்குக் கருவி சேதத்துக்கு 5,000, மூலப்பொருள் சேதத்துக்கு 5,000. அதற்கும் சேதத்தைப் பார்த்துச் சான்று தர வேண்டும். தண்ணீர் வடிந்து, சேறு அள்ளி, தறியைக் கழுவிய பிறகு எதைக் காட்டுவது? அதனால்தான் சொல்கிறேன், பிறகு வரும் பணத்தை விட முன்னால் வரும் பணம் மேல்.

ஏற்காடு தங்கச்சி: நான் ஒன்று சொல்லட்டுமா? அந்த ஃபெஞ்சல் மழை, கீழே வெள்ளம் வருவதற்கு முந்தின நாளே இங்கே விடாமல் கொட்டியது. ஏற்காட்டில் ஒரே நாளில் 24 செ.மீ. என்று வானிலைக் கணக்கிலேயே வந்தது. எஸ்டேட்களில் மழைமானி உண்டு, தினமும் காலையில் நோட்டில் எழுதுவார்கள். எங்கள் எஸ்டேட்டிலும் எழுதுகிறோம். நாங்கள் ராத்திரியே பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம். கீழே யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

கல்லூரித் தம்பி: இந்தக் குழுவிலேயே போட்டிருக்கலாமே அக்கா?

ஏற்காடு தங்கச்சி: மலையில் கரண்ட் இல்லை, டவர் இல்லை தம்பி. மலைப்பாதையில் மண் சரிந்து ரோடும் அடைத்துவிட்டது. 20 கொண்டை ஊசி வளைவில் எங்கே சரிந்திருக்கிறது என்று பார்க்க ஆள் நடந்தே போக வேண்டியிருந்தது. அவசரத்துக்குச் சேலம் இறங்க வேண்டியவர்கள் குப்பனூர் வழியாகச் சுற்றித்தான் போனார்கள்.

மளிகைக் கடை மாமா: அதெல்லாம் அரசாங்கம் பார்க்க வேண்டிய வேலை. நம்மால் ஆனது 500 ரூபாய்.

ஆர்.ஐ. ஐயா: அரசாங்கத்திடம் பணம் இல்லாமல் இல்லை மாமா. எந்தக் கணக்கில் இருக்கிறது என்று தெரிந்து கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்க.

ஆர்.ஐ. ஐயா: 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கலெக்டர் தலைமையில் ஓர் ஆணையம் உண்டு. 15-வது நிதிக் குழு 2021 முதல் 2026 வரை மாநிலங்களின் பேரிடர் பணத்தை இப்படிப் பிரித்தது: 100 ரூபாயில் 80 நிவாரண நிதி, 20 தணிப்பு நிதி, அதாவது சேதம் வராமல் முன்கூட்டியே தடுக்க. அந்த 80-ல் 40 உடனடி மீட்புக்கும் நிவாரணத்துக்கும், 30 இடிந்ததைத் திரும்பக் கட்ட. முன்தயாரிப்புக்கும் பயிற்சிக்கும் 10. தமிழ்நாட்டுக்கு இதில் மத்திய அரசின் பங்கு 75 சதவீதம், மீதி மாநிலம். ஃபெஞ்சல் முடிந்து டிசம்பர் 6-ம் தேதி 944.80 கோடி விடுவித்தார்களே, அது அந்த நிவாரண நிதியில் அந்த வருஷத்துக்கு உரிய இரண்டு தவணை. புயலுக்கென்று தனியாகக் கொடுத்தது இல்லை.

டீச்சர் அக்கா: அப்போ நமக்கு வேண்டியது அந்த 10-லும் 20-லும் இருக்கிறது.

ஆர்.ஐ. ஐயா: அதேதான் டீச்சர். பம்ப், ரப்பர் படகு, மரம் அறுக்கும் மெஷின், ஆட்களுக்குப் பயிற்சி எல்லாம் அந்த 10-ல் வரும். வடிகாலை அகலமாக்குவது, மலையில் சரிவு தடுப்பது எல்லாம் 20-ல். ஆனால் இந்த 10-ம் 20-ம் யாராவது திட்டம் எழுதிக் கேட்டால்தான் வரும். வெள்ளம் வந்தால் 40 தானாக ஓடி வரும், டிவி-யும் கூடவே வரும். முன்தயாரிப்புக்கு அப்படி யாரும் வருவதில்லை. நான் வேலையில் இருந்த காலமெல்லாம் இதைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன்.

கல்லூரித் தம்பி: சென்னைக்கு மட்டும் 500 கோடி வந்ததே ஐயா?

ஆர்.ஐ. ஐயா: அது நகர வெள்ளத்துக்கென்று தேசிய நிதியில் ஒதுக்கியது. ஏழு நகரங்களுக்கு 2,500 கோடி. சென்னை, மும்பை, கொல்கத்தாவுக்குத் தலா 500. பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனேவுக்குத் தலா 250. இந்த 2025 அக்டோபரில் இன்னும் 11 நகரங்களைச் சேர்த்தார்கள். திருவனந்தபுரம் இருக்கிறது, விசாகப்பட்டினம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து ஒன்றும் இல்லை.

கொலுசுப் பட்டறை அண்ணன்: நமக்குக் கடலா இருக்கிறது, யார் கண்ணில் படும்.

ஏற்காடு தங்கச்சி: கடல் இல்லை, மலை இருக்கிறதே அண்ணா. இங்கே பெய்வது புது ஏரிக்கும் மூக்கனேரிக்கும் உங்கள் தெருவோரத் திருமணிமுத்தாற்றுக்கும்தான் இறங்குகிறது.

ஆர்.ஐ. ஐயா: அதைத்தான் கேட்கும்போது முதலில் சொல்ல வேண்டும். ஆற்றுக்கு வார்டு எல்லை கிடையாது. ஏற்காட்டில் பெய்து, கன்னங்குறிச்சி, குகை என்று வந்து, உத்தமசோழபுரம் தாண்டி நாமக்கல் மாவட்டத்துக்கே போகிறது. நம் கவுன்சிலர் நம் வார்டுக்கு ஒரு பம்ப் வாங்கித் தந்தாலும், தண்ணீரை எங்கே தள்ளுவது? பக்கத்துத் தெருவுக்கா?

கொலுசுப் பட்டறை அண்ணன்: வார்டுக்கு ஒரு பம்ப் என்றால் 60 வார்டுக்கு 60. அதில் பாதி மழை வருவதற்குள் துருப்பிடித்துவிடும். நாலு மண்டலத்துக்கும் நாலு இடத்தில் வைத்தால் போதும். ஆனால் டீசலுக்கும் ஓட்டுகிற ஆளுக்கும் வருஷா வருஷம் பணம் ஒதுக்க வேண்டும். என் பட்டறை மெஷினையே மாதம் ஒரு முறை ஓட்டவில்லை என்றால் மக்கர் பண்ணுகிறது.

ஆர்.ஐ. ஐயா: நாம் ஒரு மனு எழுதிக் கேட்போம், அதில் இதைக் கட்டாயம் எழுதணும். வாங்கப் பணம் கிடைத்துவிடும், பராமரிப்புக்குத்தான் யாரும் எழுதுவதில்லை.

டீச்சர் அக்கா: மனுவை யாருக்கு எழுதுவது? மாநகராட்சிக்கா, கலெக்டருக்கா?

ஆர்.ஐ. ஐயா: இரண்டு பேருக்கும். 2025-ல் சட்டத்தைத் திருத்தி, மாநகராட்சி உள்ள நகரங்களுக்கு நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்கலாம் என்று கொண்டுவந்தார்கள். கமிஷனர் தலைவர், கலெக்டர் துணைத் தலைவர். சேலத்தில் அது முழுசாக வேலை செய்ய வேண்டும், அதில் ஏற்காடு ஒன்றியத்தையும் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் ஒரே மேசையில் இருந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

மளிகைக் கடை மாமா: எல்லாம் சரிங்க ஐயா. இது எப்போது நடக்கும்? மழை இந்த வாரமே கொட்டினால்?

தறி அண்ணன்: மாமா கேட்பதும் நியாயம்.

ஆர்.ஐ. ஐயா: அதற்குத்தான் நம் 500. கயிறு, பெரிய டார்ச், விசில், ரெண்டு லைஃப் ஜாக்கெட், மணல் மூட்டைக்குச் சாக்கு. இதை நாமே வாங்கலாம். பெரிய பம்புக்கும் படகுக்கும் நம் 500-ஐப் போட்டு ஏமாறக் கூடாது, அது அவர்கள் கடமை.

கல்லூரித் தம்பி: நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நாம் கட்டினால் மீதி அரசு போடுமே?

ஆர்.ஐ. ஐயா: நம் சந்துச் சாக்கடையை அகலமாக்க அதைக் கேட்கலாம் தம்பி. ஆனால் உயிர்காக்கும் சாமானுக்கு ஜனங்களிடம் பங்கு கேட்பது எனக்கு ஒப்பவில்லை. ஆற்றோரத்தில் இருப்பவர்கள் தினக்கூலி ஆட்கள்.

டீச்சர் அக்கா: அடுத்துப் பகுதி சபா கூட்டம் வரும், நம் பகுதி ஜனங்கள் கூடிக் குறை சொல்கிற கூட்டம். அங்கே வாயால் சொல்லிவிட்டு வந்தால் காற்றோடு போய்விடும். எழுதிக் கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்ற வைப்போம். நான் எழுதுகிறேன், ஐயா திருத்திக் கொடுங்க.

ஏற்காடு தங்கச்சி: அக்கா, மழைமானிக் கணக்கையும் சேர்த்து எழுதுங்க. எஸ்டேட் அளவு ராத்திரியிலும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் போக ஒரு வழி வேண்டும். டவர் போனாலும் வேலை செய்கிற வயர்லெஸ் ஒன்று மலையில் இருந்தால் போதும். பெரிய செலவே இல்லை.

டீச்சர் அக்கா: அதுதான் முதல் கோரிக்கையாக வரும்மா. அதற்கப்புறம் நாலு மண்டலத்திலும் பம்ப், டீசலும் ஆளும் பராமரிப்பும் சேர்த்து. பிறகு மலைப்பாதைச் சரிவுக்குத் தணிப்பு நிதி. கடைசியில் நகர்ப்புற ஆணையம்.

ஆர்.ஐ. ஐயா: ஒன்று விட்டுப்போச்சு. இந்த ஐந்தாண்டுக் கணக்கு 2026 மார்ச்சோடு முடிகிறது. “இந்த நிதியாண்டுக்குள்” என்று தெளிவாக எழுதுங்க. தறி அண்ணன் பாவு போனதையும் எழுதுங்க, அவர் சம்மதித்தால்.

தறி அண்ணன்: எழுதும்மா. பாவின் விலையையும் போடு.

மளிகைக் கடை மாமா: சரி, 500 வசூலை நான் பார்த்துக்கொள்கிறேன். செலவுக் கணக்கை இங்கேயே போடுவேன். மனுவை வியாழக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்க டீச்சர், கடை மேசையில் வைக்கிறேன், சாமான் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடட்டும். கட்டுப்பாட்டு அறை எண் 1077, எல்லோரும் போனில் சேமித்துக்கொள்ளுங்க.

கொலுசுப் பட்டறை அண்ணன்: செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்காரர்களிடமும் ஒரு தாள் கொடுங்க மாமா. அங்கேயும் தண்ணீர் புகுந்தது, கையெழுத்து நான் வாங்கி வருகிறேன்.